ஏழாயிரமா, ஏழாயிரத்து முந்நூறா

முந்நூறு கூடத்தான், இல்லை என்று யார் சொன்னது, ஆனால் ஏழாயிரத்தோடு வைத்துப் பார்த்தால் முந்நூறெல்லாம் ஒரு கூடுதலா, நொடிக்கு ஏழாயிரம் எம்பி படிக்கிற லேப்டாப் டிரைவ் ஒன்று, ஏழாயிரத்து முந்நூறு படிக்கிற இன்னொன்று, இரண்டும் ஒரு டெராபைட், இரண்டுக்கும் ஐந்து வருட வாரண்டி, இரண்டும் சூயிங்கம் பட்டை அளவுதான், ஒன்று நீலப் பெட்டி, ஒன்று கறுப்புப் பெட்டி... அவர் நீலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கறுப்பை எடுத்தார், பிறகு கறுப்பை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தார். கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் இந்தக் கூத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு அவரை அவர் பாட்டுக்கு விட்டுவிட்டு ஒரு பழைய கீபோர்டைக் கவிழ்த்துத் தூசி தட்ட ஆரம்பித்தாள். அவள் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு அல்லவா. மதிய இடைவேளையில் சாப்பிடாமல் வந்து நிற்கிற மனிதர், பசிக்கிறதா என்று யாராவது கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பார், அதில் பொய்யும் இல்லை.

மகளைத்தான் முதலில் கேட்டார். ஹாஸ்டலில் இருந்துகொண்டு அப்பாவின் கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கெல்லாம் தலையில் அடித்துக்கொண்டே பதில் சொல்கிறவள், இந்த இரண்டின் பெயரையும் அனுப்பி, எது வாங்குனாலும் சரிப்பா, அம்மா லேப்டாப் பழசு, ரெண்டோட முழு வேகத்தையும் அது தொடக்கூட தொடாது என்று எழுதியிருந்தாள். எது வாங்கினாலும் சரி என்பதெல்லாம் ஒரு பதிலா... அம்மாவுக்குத் திடீரென்று எதற்கு என்று மகள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஒருவேளை அம்மாவே சொல்லியிருப்பாளோ, சொல்லியிருந்தால் இப்படிச் சாதாரணமாக எழுதுவாளா... கட்டட வரைபடம் போடுகிற வேலை மனைவிக்கு, ஒரு வரைபடத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளித்துவிட்டு வந்துவிடலாம், அந்த லட்சணத்தில் ஓடுகிறது அவள் லேப்டாப். இத்தனை காலம் வாய் திறக்காமல் இருந்தவள் போன வாரம்தான் புது டிரைவ் போட்டுத் தரச் சொன்னாள், அங்கே போனால் பெரிய பெரிய வேலையாக வரும், இதைக் கட்டிக்கொண்டு மாரடிக்க முடியாது என்றாள். அங்கே என்றால் வேறு ஊர், அவள் கம்பெனியின் தலைமை அலுவலகம். வார விடுமுறைக்கு வந்து போகிற கதையெல்லாம் இல்லை என்பதையும் அவளே சொல்லிவிட்டாள், சண்டை போட்டுச் சொல்லவில்லை, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "போனா திரும்பி வர மாட்டேன். இருன்னு சொல்லுங்க, இருக்கேன். போன்னு சொல்லுங்க, போறேன். வாயத் தொறந்து ஏதாவது ஒண்ணு சொல்லுங்க." இன்று மாலைக்குள் அவள் அந்த அலுவலகத்துக்குப் பதில் அனுப்பியாக வேண்டும்.

எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்று சொன்னார் அவர். கல்நெஞ்சக்காரர் என்று சட்டென்று முடிவு கட்டிவிடாதீர்கள், உள்ளே நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார், கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டு, அணைந்தே கிடக்கிற அவளுடைய மேசை விளக்கு. அவள் இருக்கிற வீட்டை நினைத்துப் பார்த்தார், இரண்டு தட்டு, எரிகிற விளக்கு, விளக்கடியில் குனிந்த தலை, இரண்டு அறைகளில் இரண்டு பேர்... வலிக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அழுத்திப் பார்த்தார். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரிதான் இருந்தது, விரலுக்குக் கன்னம் தெரிகிறது, கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. சரி என்றாள் அவள், மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு துண்டு மட்டும் கட்டிலிலேயே கிடந்தது, அதை எடுத்து உள்ளே வைக்கலாமா வேண்டாமா என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

எப்போதிலிருந்து இப்படி... அவருக்கே தெரியாது. கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவர் அவர், எதிரே உட்காருகிற எல்லாரிடமும் இதே கேள்வியைக் கேட்பவர், எப்பலேர்ந்து மங்கலா தெரியுது, ஒருத்தராவது உருப்படியாகப் பதில் சொன்னதுண்டா, கொஞ்ச நாளாத்தான் என்பார்கள், லென்ஸைப் போட்டுக் காட்டினால் வருடக்கணக்காக மங்கிக்கிடந்தது தெரியவரும். நாள் முழுக்க இருட்டறையில் அவருக்கு இரண்டே வார்த்தைகள், முதலாவதா, ரெண்டாவதா. லென்ஸைத் திருப்புவார், முதலாவதா, மறுபடி திருப்புவார், ரெண்டாவதா... ஆரம்பத்தில் எல்லாரும் டக்டக்கென்று சொல்வார்கள், முதலாவது நல்லாருக்கு, ரெண்டாவது மோசம். போகப்போக இழுப்பார்கள். கடைசியில் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே சார் என்று, பரீட்சையில் தோற்றுவிட்டவர்கள் மாதிரி, பயந்துபோய்ச் சொல்வார்கள். அதற்காகத்தான் அவர் காத்திருப்பார். வித்தியாசம் தெரியாமல் போகிற அந்த இடம்தான் சரியான பவர், அதற்கு மேல் திருப்பினால் கெட்டுப்போகும், கையை எடுத்துவிட வேண்டும், எழுதிவிட வேண்டும்.

வீட்டிலும் அதைத்தான் செய்தாரோ... முன்பெல்லாம் அவள் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருவாள், நீங்க பேசுறதே இல்ல, சொவத்துகிட்ட பேசுறாப்புல இருக்கு, மகளோட ஸ்கூலுக்கு வர மாட்டேங்கிறீங்க, சினிமாவுக்குக் கூப்பிட்டா தூக்கம் வருதுங்கிறீங்க. அவரும் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் திருத்திப் பார்த்தார், ஒரு தரம் ஸ்கூலுக்குப் போனார், ஒரு தரம் சினிமாவுக்குப் போய் இடைவேளை வரைக்கும் விழித்திருந்தார். ஒருநாள் சண்டை நின்றுவிட்டது. அவர் சீக்கிரம் வந்தாலும் ஒன்றுதான், தாமதமாக வந்தாலும் ஒன்றுதான், அவள் முகத்தில் ஒரு மாற்றமும் கிடையாது. அப்பாடா, பவர் சரியாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு முட்டாள்தனம் வேறு தொழில்காரனுக்கு வருமா, தச்சனோ டிரைவரோ மனைவி வாயை மூடினால் நிச்சயம் பயந்திருப்பான், இவர் கையை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

கடைப் பெண் கீபோர்டை நிமிர்த்தி வைத்தாள். ரெண்டும் ஒண்ணுதான் சார், எதை எடுத்தாலும் குறை சொல்ல முடியாது என்றாள். டிரைவ் எழுத எழுதத்தான் தேயும், படிக்கிறதால தேயாது, அந்த எழுதுற அளவும் ரெண்டுக்கும் ஒண்ணுதான் என்று பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள். நீங்கன்னா எதை எடுப்பீங்க என்று கேட்டுவிட்டார், கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது. "நான் கறுப்புதான் சார் எடுப்பேன்." ஏனாம்? "சும்மாதான். எனக்குக் கறுப்பு பிடிக்கும்." அவ்வளவுதான், அவள் அடுத்த கீபோர்டைக் கவிழ்த்தாள். சும்மாதான்... அவருக்கு எது பிடிக்கும், சும்மா, காரணமில்லாமல்... யோசித்தார், ஏதாவது ஒரு நிறம், ஒரு பாட்டு, உட்காருவதற்கு ஓர் இடம், ஒன்றும் வரவில்லை. இதற்கெல்லாம் பதில் இல்லாத ஒருவர் வந்து இருட்டறையில் உட்கார்ந்தால் அவரே என்ன செய்வார், முதலாவதா, எப்படியும் இருக்கட்டும் சார், ரெண்டாவதா, அதுவும் சரிதான் சார்... அப்படிப்பட்டவர்கள் வருவார்கள், வராமல் என்ன, மாலை நேரத்தில்தான் வருவார்கள், நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு நேராக அவர் நாற்காலியில் வந்து விழுவார்கள். முதல் லென்ஸிலேயே ரெண்டும் ஒரே மாதிரி என்பார்கள். வேண்டுமென்றே கண்ணுக்கு ஆகாத லென்ஸைப் போட்டுக் காட்டினாலும் ஒரே மாதிரிதான் என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை நம்பி எழுதிவிடுவார்கள், அந்தக் கண்ணாடி ஒரே வாரத்தில் திரும்பி வரும். அவர் எழுத மாட்டார். இப்ப பேசுறது நீங்க இல்ல, உங்க அசதி, நல்லா தூங்கிட்டு காலையில வாங்க என்று அனுப்பிவிடுவார். எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்பார்.

மனைவி கேட்டதும் அப்படி ஒரு நேரத்தில்தானே, அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிய நேரம். அவர் சொன்னதை அவள் அப்படியே எழுதிக்கொண்டுவிட்டாள். அவரும் எழுதவிட்டுவிட்டார்.

பெட்டிகளை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தார். வாங்கியாச்சா என்று கேட்டாள் எடுத்தவுடன், பின்னால் பிரிண்டர் ஓடுகிற சத்தம். இன்னும் இல்லை என்றார். வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பதில இன்னைக்கு அனுப்பாத."

"ஏன்?"

"அன்னைக்கு நான் சொன்னத எழுதிக்காத. அது சரியா பாத்துச் சொன்னதில்ல. நாளைக்குக் காலையில ஒருதரம் கேளு."

பிரிண்டர் நின்றது. போனை வைத்துவிட்டாளோ என்று திரையை எடுத்துப் பார்த்தார், இல்லை, இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், கோபமே இல்லாமல், அவர் பதிலில் ஏதோ இருக்கிறது என்று வெகு காலத்துக்குப் பிறகு நம்பிக் கேட்பவள் மாதிரி.

"காலையிலயும் ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா?"

தெரியலாம். நன்றாகத் தூங்கி எழுந்து வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, ரெண்டும் ஒன்றுதான் என்று தெளிவாகச் சொல்கிறவர்களும் உண்டு, அதற்கு மேல் அவரிடம் லென்ஸ் கிடையாது, அவர்களுக்கு எழுதித்தான் கொடுத்திருக்கிறார்... பயமாக இருந்தது அவருக்கு, அவள் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது, இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நடைபாதையிலேயே நின்றார்.