ஷாரோன் கொடுத்த திசு

தென்காசியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த ஷாரோனுக்குப் பாடத்தின் நடுவிலேயே வலிப்பு வந்தது. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு. திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. முதலில் புதிர், எண்வரிசை என்று புத்திக்கூர்மைச் சோதனை வைத்தார்கள். பிறகு டாக்டர் அலிமா அவளையும் கணவன் கிங்ஸ்லியையும் உட்காரவைத்துப் பேசினார்.

“வலிப்பு கிளம்புற இடம் மூளையில ஆழத்துல இருக்கு. அங்க போக, மேல உள்ள நல்ல திசுவும் கொஞ்சம் எடுக்கணும். வழக்கமா அதைக் கழிச்சிருவோம். சம்மதிச்சா ஆராய்ச்சிக்கு எடுத்துக்குவோம். மூளைச் செல்லுக்கு மரம் மாதிரி கிளை உண்டு. சோதனையில நல்லாச் செய்தவங்களுக்கு அந்தக் கிளை பெருசாவும், சிக்னல் வேகமாவும் இருக்கிறதா சில ஆய்வு சொல்லுது.”

ஷாரோன் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “அப்ப என் புத்தியத்தான் வெட்டி எடுக்கீங்களா, டாக்டர்?”

“இல்லம்மா. புத்தி ஒரு துண்டுக்குள்ள அடங்காது. ஆனா கொஞ்ச நாள் வார்த்தை சட்டுனு கிடைக்காமப் போகலாம். போகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

வெளியே வந்ததும் கிங்ஸ்லி, “ஒண்ணும் கொடுக்க வேண்டாம். நம்மள வச்சு என்னத்தயோ அளக்குதாங்க,” என்றான்.

“குப்பைக்குப் போறது ஆராய்ச்சிக்குப் போகட்டுங்க,” என்றாள் ஷாரோன். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

மயக்க ஊசி போடும்வரை பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். விழித்தபோது வாய்ப்பாடு பிசகவில்லை. வார்த்தைகள்தான் பிசகின. தம்ளரைக் காட்டி “அது, அது” என்றாள். கிங்ஸ்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “என் செல்லு எப்படி இருந்துச்சு?”

“தனி ஆளுக்கு மார்க் போட மாட்டோம். நிறையப் பேரோடத சேர்த்துப் பார்த்தாத்தான் அதுக்கு அர்த்தம்,” என்றார் டாக்டர். அது ஆறுதலா இல்லையா என்று ஷாரோனுக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில் குற்றாலத்தில் சாரல். கிங்ஸ்லி காரை நிறுத்திய கடையில் அவள் வருஷந்தோறும் வாங்கித் தின்னும் பழம் குவிந்திருந்தது.

“அந்த... சிவப்பா... முடி முடியா...”

கிங்ஸ்லி வாயெடுத்தான்.

“சொல்லாதீங்க!”

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் காரை நகர்த்தவில்லை. அவள் பழக்குவியலையே பார்த்தாள். இந்தப் பெயரே வராவிட்டால், போர்டு முன்னால் நின்று என்ன பேசுவது?

“ரம்புட்டான்,” என்றாள் கடைசியில்.

கிங்ஸ்லி ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதான்.

அதன்பின் இதுவரை வலிப்பு வரவில்லை. ஷாரோன் மறுபடியும் வகுப்பெடுக்கிறாள். சொல் சிக்கும்போது சாக்பீஸோடு அப்படியே நிற்பாள். பிள்ளைகள் காத்திருப்பார்கள். பெரும்பாலும் சொல் வந்துவிடுகிறது.