காவேரி நான்கு நிமிடம் நின்ற வருடம்

1995-ஆம் வருடம் ஆடிப் பதினெட்டு அன்று காலை ஏழேகாலுக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் காவேரி நான்கு நிமிடம் நின்றது. தண்ணீர் குறைந்து நிற்கவில்லை. நல்ல வெள்ளம், சுழியெல்லாம் சுழித்தபடி, நுரையெல்லாம் நுரைத்தபடி அப்படியே நின்றது. யாரோ துவைக்கும்போது நழுவவிட்ட வேட்டி ஒன்று நடுவழியில் விரிந்து நிற்க, அதற்குரியவர் இடுப்பளவுத் தண்ணீரில் நிதானமாக நடந்துபோய் எடுத்து வந்தார். காரணம் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிட்டது. மைசூர் மேட்டகள்ளியிலிருந்து வந்திருந்த சரசு, மஞ்சளும் கருகமணியும் ஆற்றில் விட்டுக் கும்பிட்டபின் ஒரு கை தண்ணீர் அள்ளியிருந்தாள். தண்ணீர் அவ்வளவாகச் சில்லென்று இல்லை, ஆனாலும் கை மூடிக்கொண்டது.

சரசுவின் கை மூடினால் திறக்காது. ஊதுபத்திக் கம்பெனியில் பத்தி உருட்டிக்கொண்டிருந்தபோது, 1989 மார்கழியில், முப்பதைத் தொடுமுன்பே அது ஆரம்பித்தது. விரல்களை விடச் சொன்னால் கேட்டுக்கொள்ளும், ஆனால் யோசித்துச் செய்யும். வெயில் நாளில் ஒரு நிமிடம், சாதாரண நாளில் நான்கு நிமிடம், குளிரில் அரை மணி. கூடவே இன்னொன்றும் இருந்தது. அவள் பிடியில் எது இருந்ததோ அது இருந்தபடியே இருந்தது. டவுன் பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடித்திருந்தால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. கண்டக்டர் மல்லப்பன் முதல் மாதம் கத்தினார், இரண்டாம் மாதம் கெஞ்சினார், மூன்றாம் மாதத்திலிருந்து அந்த நேரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டார். பால் பாத்திரத்தைப் பிடித்திருந்தால் பால் பொங்காது. ஆளைப் பிடித்தால் ஆள் நின்ற இடத்தில் நிற்பார், பசிக்காது, நகம் வளராது. வாய் மட்டும் நிற்பதில்லை.

கொள்ளேகாலில் சரசுவின் அப்பாவுக்கும் இது கொஞ்சம் இருந்திருக்கிறது. நாற்பதில் கண்புரை, அதற்கு முன்பே முன்வழுக்கை. கடைக்காரரிடம் நீட்டிய காசு கையை விட்டு வராததால் ஊரில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர். அவர் அதை மறுக்கவில்லை. நோயாளி என்பதைவிடக் கஞ்சன் என்பது கௌரவம்.

ஐந்து வருடம் வைத்தியம் பார்த்தார்கள். குண்டலுபேட்டையில் எலும்பு வைத்தியர் லிங்கப்பன் எண்ணெய் தேய்க்கக் கையைப் பிடித்தார், அவள் கை அவரைப் பிடித்துக்கொண்டது, வரிசையில் இருந்த பதினோரு நோயாளிகள் வீட்டுக்குப் போனார்கள். அடுத்த தடவை முழங்கைக்கு மேல்தான் தேய்ப்பேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு பசம்மா, கன்னடமும் தமிழுமாக, "சரசக்கா, நஞ்சன்கூடுக்கு ஒந்து சோமவாரம் ஹோகி உருளுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றாள். சரசுவுக்குக் காலும் தளர்ந்திருந்ததால் அவளுக்குப் பதிலாகப் புருஷன் உதயகுமார் கோயிலைச் சுற்றி உருண்டார். அவர் கொத்தனார், ஹனூர்க்காரர், திடமான ஆள். மூன்று வாரத்தில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "இப்ப ஊட்ல ரெண்டு பேருக்குமே புடிப்பு. சாமி பாரபட்சம் பாக்கலீங்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

1994-இல்தான் நோய் என்னவென்று தெரிந்தது. பெங்களூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் நரம்பு டாக்டர் நஞ்சுண்டசாமி தன் இரண்டு விரலை நீட்டி, "பிடிங்க... இப்ப விடுங்க" என்றார். சொன்னதுதான் தவறு. விரலோடு அவரும், அவர் கையிலிருந்த கடிகாரமும் நின்றுவிட்டதால் அவர் ஊர் திரும்ப வேண்டிய ரயில் போனதே அவருக்குத் தெரியவில்லை. மனிதர் கோபப்படவில்லை, மிகவும் சந்தோஷப்பட்டார். உடம்பு ஒரு புத்தகம் மாதிரி, அதில் ஒரு மூன்றெழுத்தை அஞ்சு பத்து தடவை எழுதியிருக்க வேண்டும், உங்களுக்கு நானூறு தடவை எழுதியிருக்கும், இரண்டு வருஷம் முன்னால்தான் கண்டுபிடித்தார்கள் என்று விளக்கினார்.

"எழுதினவருக்கும் பேனா கையை விட்டு வரலை போலிருக்கு" என்றாள் சரசு.

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரித்தாள் என்றுதான் அவள் நினைத்தாள்; முகத்துத் தசை கொஞ்ச நாளாகவே அவளைக் கேட்காமல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. வேரோடு தீர்க்க மருந்து இல்லை, பிடியைத் தளர்த்த ஒரு மாத்திரை இருக்கிறது, இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்றார். படம் எடுத்தார்கள், சாப்பிடலாம் என்றார்கள். கிளம்பும்போது அவள் மகள் ரூபாவைப் பற்றிக் கேட்டாள். ரூபாவுக்கு அப்போது பத்து வயது. "காசு சுண்டிப் போட்ட மாதிரிம்மா. பாதிக்குப் பாதி. வந்தா உங்களைவிடச் சீக்கிரம் வரும், வளர வளரத் தெரியும்" என்றார் டாக்டர்.

சரசு மாத்திரையை வாங்கிவந்து மஞ்சள்பொடி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். தினமும் அதைத் தூசி துடைத்தாளே தவிரச் சாப்பிடவில்லை. வளர வளரத் தெரியும் என்றால், வளராவிட்டால் தெரியாது. மூடிய கைக்குள் இருக்கிற காசு இன்னும் பூவும் இல்லை, தலையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது ஜடையைச் சற்று அதிக நேரம் பிடித்தாள். பிறகு சாயங்காலங்களிலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடிக்கும் முன் தன் கையைப் பானைத் தண்ணீரில் முக்கி எடுத்தது யாருக்கும் தெரியாது. தான் செய்வது பாசமா திருட்டா என்று சில சமயம் கேட்டுக்கொள்வாள். பதில் வரும் நேரத்தில் தூக்கம் வந்துவிடும். அந்த நோயில் பகலிலும் தூக்கம் வரும். அது அவளுக்குப் பல விஷயங்களில் சௌகரியமாக இருந்தது. ரூபாவின் ஆடிக்கொண்டிருந்த பல் பதினாலு மாதம் ஆடியது. யூனிஃபார்ம் பாவாடை குட்டையாகவில்லை. "நல்ல துணிப்பா இது!" என்று உதயகுமார் கடைக்காரரைப் போய்ப் பாராட்டிவிட்டு வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆறு நின்றது. அந்தச் சமயத்தில் ஆற்றுக்கு மேலே இருந்த மாநிலத்தவர்களும் கீழே இருந்த மாநிலத்தவர்களும் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆகவே நான்காம் நாள் மேட்டகள்ளி வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மேல்பக்கத்துக்காக வந்தவர், ஒருவர் கீழ்பக்கத்துக்காக வந்தவர். ஒரே பெஞ்சில் நடுவில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"கோடைல ஒரு வாரம் பிடிச்சு வைக்க முடியுமாம்மா?" என்றார் முதலாமவர்.

"பிடிக்கவே மாட்டேன்னு எழுதித் தர முடியுமாம்மா?" என்றார் இரண்டாமவர்.

"எனக்கு நாலு நிமிஷம்தான் சார் வரும்" என்றாள் சரசு. அதற்குள் அவளுக்குக் கண் சொருகித் தலை இரண்டு தடவை முன்னால் சாய்ந்தது. சம்மதம் என்று இருவரும் தனித்தனியாக எழுதிக்கொண்டார்கள். மாத்திரை ஒன்று இருக்கிறதாமே, அதைச் சாப்பிடக் கூடாது என்று முதலாமவரும், இன்றே சாப்பிட வேண்டும் என்று இரண்டாமவரும் கேட்டுக்கொண்டார்கள். கை வலிக்கிறதா என்று கேட்க இருவருக்கும் நேரம் இல்லை.

அவர்கள் போனபின் சரசு வழக்கம்போலக் கையை நனைத்துக்கொண்டு வந்து மகளின் கையைப் பிடித்தாள். நகர முடியாமல் நின்ற ரூபா வாயால் மட்டும் ஆரம்பித்தாள்.

"ஆத்தையே நாலு நிமிஷத்துல விட்டுட்ட. என்னை மட்டும் ஏம்மா அரை மணி நேரம்? டிரில்ல எல்லாருக்கும் முன்னாடி நான்தான் நிக்கறேன், தெரியுமா? பசம்மாத்தை வீட்டுப் பாப்பா என்னை 'ஏ சிக்கவளே'ன்னு, சின்னவளேன்னு கூப்பிடறா. அவளுக்கு எட்டு வயசு!"

சரசு முதல்முறையாக அவளிடம் காசு விஷயத்தைச் சொன்னாள். சுண்டியாயிற்று, ஆனால் விழவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன் என்றாள். ரூபா யோசித்தாள். யோசிப்பதும் நிற்கவில்லை.

"மூடின கையில இருக்கற காசுக்கு மிட்டாய்கூட வராதும்மா" என்றாள். "விழட்டும். பூவோ தலையோ, நான் செலவு பண்ணிக்கறேன்."

அன்று கை திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. சரசு மஞ்சள்பொடி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு மாத்திரையை எடுத்தாள். டப்பாவும் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அதையும் விட்டாள், மாத்திரையை விழுங்கினாள். மாத்திரை வயிற்றைப் புரட்டினாலும் வேலை செய்தது. பத்தி ஒழுங்காக உருண்டது, ஜடை ஐந்து நிமிடத்தில் முடிந்தது, பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது. ரூபாவின் பல் மறுநாள் காலையில் உப்புமாவில் விழுந்தது. ஆறு மாதத்தில் நான்கு அங்குலம் வளர்ந்தாள். உதயகுமார் அதே துணிக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். குளிர்காலத்தில் மாத்திரையையும் மீறிச் சரசுவின் கை எப்போதாவது பஸ்ஸை நிறுத்தும், ஆனால் ஆற்றுக்கு அவள் ஆடிப் பதினெட்டில் சொம்போடுதான் போனாள்.

1999 ஜனவரியில், பனி விலகாத ஒரு காலை, பஸ்ஸில் எல்லோரும் ஏறியாயிற்று, மல்லப்பன் விசில் கொடுத்தார், எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. அவர் வழக்கப்படி சரசுவைப் பார்த்தார். சரசு இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கம்பியைப் பிடித்து நின்றவள் ரூபா. பதினைந்து வயது, தோளில் புத்தகப் பை. தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"விழுந்துடுச்சும்மா" என்றாள்.

சரசு எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். மகள் கையின் மேல் தன் கையை வைத்தாள். பிடிக்கவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். சூடு பட்டால் சீக்கிரம் திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஓ, சின்னவங்களும் ஆரம்பிச்சாச்சா?" என்றார் மல்லப்பன். பையிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். ஜன்னலோரம் இருந்தவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நான்கு நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது.

அந்த வருடம் பஸ் ஸ்டாண்டில் புதிதாக எழுதிய கால அட்டவணையில் அந்த வண்டிக்கு மட்டும் எட்டு நிமிடம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.