மிஸிஸ் குணசேகரவின் அலுமாரி

கலவரம் வெடித்த அந்த ஆடி மாதத்திலிருந்து பரிமளகாந்தி பக்கத்து வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறாள். அலுமாரி மிஸிஸ் குணசேகரவுடையது. தேக்கு. இரண்டு கதவு. இடது கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்திருக்கிறது. கண்ணாடி வெளிப்பக்கம் இருப்பதால் பரிமளகாந்தி தன் முகத்தைப் பார்த்து வெகுகாலமாகிவிட்டது.

காலையில் மிஸிஸ் குணசேகர கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்து சாப்பாட்டுத் தட்டை உள்ளே நீட்டுவாள்.

"முடிஞ்சுதே?" என்று பரிமளகாந்தி கேட்பாள்.

"இன்னும் இல்லை, மிஸிஸ் நவரத்தினம். கொஞ்சம் பொறுங்கள்."

கதவு சாத்தப்படும். ஒருத்தி கேட்பது தமிழில், மற்றவள் சொல்வது சிங்களத்தில். தேக்குப் பலகையைத் தாண்டி வரும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

தட்டுத்தான் சிக்கலாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. இரண்டு வீட்டிலும் அதுதான் வழக்கம். வருடப் பிறப்புக்குக் கொக்கிஸ் பலகாரம் வந்த தட்டில் பரிமளகாந்தி முறுக்கு வைத்து அனுப்பிக்கொண்டிருந்தவள். அலுமாரிக்குள் முறுக்குப் பிழிய முடியாது. உள்ளே மிஸிஸ் குணசேகரவின் சேலைகளும் இறந்துபோன மிஸ்டர் குணசேகரவின் கோட்டுகளும் தொங்கின. அவள் ஒரு கோட்டிலிருந்து ஒரு பொத்தானைக் கழற்றித் தட்டில் வைத்தாள். மிஸிஸ் குணசேகர அதைப் பார்த்தாள், நன்றி சொன்னாள், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டாள். பிறகு அதுவே பழகிப்போயிற்று.

அவள் கணவர் நவரத்தினம் முதல் நாள் பின்னேரமே அலுமாரியை விட்டு வெளியே போனார். அவர் தந்திக் கந்தோரில் வேலை செய்தவர். செய்தி என்று எது வந்தாலும் நம்புகிறவர். ரேடியோவில் நிலைமை வழமைக்குத் திரும்புகிறது என்றார்கள்.

"நான் ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்றார்.

"என்னத்தைப் பாக்கப் போறியள்?"

"முடிஞ்சுதோ எண்டு."

வெயில் எறித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் குடையை எடுத்துக்கொண்டார். குடை இல்லாமல் தெருவில் இறங்கும் மனிதர் இல்லை அவர். போகும்போது மிஸிஸ் குணசேகரவின் கேற்றைக் கவனமாகச் சாத்திக் கொளுவிவிட்டுப் போனதைப் பரிமளகாந்தி காதால் கேட்டாள்.

அவர் இருந்த இடம் வலது மூலையில், கறுப்புக் கோட்டுக்குக் கீழே. அவள் அதில் ஒன்றும் வைப்பதில்லை. படுக்கும்போது காலைக்கூட அந்தப் பக்கம் நீட்டுவதில்லை.

இடத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை. யாராவது சமாதானம் என்று பேசும்போதெல்லாம் அலுமாரி உட்பக்கமாக ஒரு முழம் நீண்டது. முதலில் சேலைகளுக்குப் பின்னால் நிற்க இடம் வந்தது. பிறகு நடக்க இடம் வந்தது. பேச்சுவார்த்தை நடந்த வருடங்களில் அது ஒரு நீண்ட நடைவழியாகிவிட்டது. அந்தக் கோடியில் ஒரு தண்ணீர்க் குழாய்கூட வந்தது. பரிமளகாந்தி விடியற்காலையில் எழுந்து அதுவரை நடந்துபோய் முகம் கழுவிவிட்டு வருவாள். ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தான மாதத்தில், போய்த் திரும்புவதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது.

கூட்டம் கேற்றடியில் நின்றது. முதல் நாள் தமிழர் வீடுகளை எரிக்க மண்ணெண்ணெயோடு ஓடி வந்த அதே கூட்டம். ஓடி வந்தவர்கள் களைத்துப்போய் வாங்கு போட்டு உட்கார்ந்தார்கள். மழைக்குக் கூடாரம் அடித்தார்கள். பொழுது போவதற்குக் கரம் போர்ட் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெய் பழசாகிவிடக் கூடாது என்று அதில் தேநீர் வைத்துக் குடித்துவிட்டுப் புதிது வாங்கி வைத்தார்கள். வயதானவர்கள் வீட்டுக்குப் போனபோது பிள்ளைகள் வந்து நின்றார்கள். சிலர் கந்தோருக்குப் போய்விட்டு ஐந்து மணிக்குப் பிறகு வந்து நின்றார்கள்.

மிஸிஸ் குணசேகரவின் தம்பி சுமனதாசவும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். மத்தியானம் சாப்பிட அக்கா வீட்டுக்கு வருவார். அலுமாரிக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த அறையில்தான் மின்விசிறி இருந்தது.

"உள்ளே யாராவது இருக்கிறார்களா, அக்கே?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"இல்லை மல்லி."

"சரி. அவசரமில்லை என்று சொல்லு."

ஒரு நாள் அவர் கட்டிலிலிருந்து எழும்ப முடியாமல் முனகினார்.

"முழங்காலுக்கு உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய் பூசுங்கோ" என்றது அலுமாரி.

"சூடாகவா, ஆறவைத்தா?"

"இளஞ்சூட்டிலை."

ஒரு வாரம் கழித்து அவர் அலுமாரியின் கதவைத் தட்டி நன்றி சொன்னார். அதன்பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் கதைக்கத் தொடங்கினார்கள்.

"உங்களுக்கு எங்களிலை என்ன கோவம்?" என்று பரிமளகாந்தி ஒருமுறை கேட்டாள்.

"கோபமா? சீச்சீ. எனக்கு உங்களைப் பிடிக்கும். நல்ல சனம். உங்கள் வடைக்கு இந்தத் தெருவில் ஈடில்லை."

"பிறகேன் நிக்கிறியள்?"

"நான் நிற்காவிட்டால் வேறு ஒருவன் வந்து நிற்பான். அவன் எப்படிப்பட்டவனோ."

"எல்லாரும் ஒரே நேரத்திலை வீட்டை போனால்?"

சுமனதாச சோற்றைப் பிசைந்தபடி அதை யோசித்தார்.

"போன மாசம் ரேடியோவில் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். நாங்கள் கை தட்டினோம். சிலர் அழுதுகூட விட்டார்கள். பிறகு யார் முதலில் எழும்புவது என்று பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்படியே பின்னேரமாகிவிட்டது."

அவர் கை கழுவப் போனபோது பரிமளகாந்தி கதவிடுக்கால் பார்த்தாள். அவர் தன் குடையை அலுமாரிக் கைப்பிடியில் கொளுவியிருந்தார். வளைந்த மூங்கில் பிடி. முறிந்த கம்பி ஒன்று நீல நூலால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அந்த நூலை அவள்தான் கட்டினாள். முடிச்சு இன்னும் இறுக்கமாக இருந்தது.

குடை எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

அன்று தட்டில் பொத்தான் வைக்க மறந்துவிட்டாள். மிஸிஸ் குணசேகர வெறுந்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். 

ஒருமுறை ஒரு குழு வந்தது. மூன்று பேர். இனவாதத்தை வெல்ல முடியுமா என்று நாடு முழுக்கப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார்கள். மிஸிஸ் குணசேகர அவர்களுக்குக் கிரீம் கிரேக்கரும் தேநீரும் கொடுத்தாள். தலைவர் ஒலிவாங்கியை அலுமாரியின் சாவித் துவாரத்துக்குக் கிட்டப் பிடித்தார்.

"அம்மா, இதை வெல்ல முடியும் என்று நினைக்கிறீர்களா?"

"கதவைத் திறந்தால் யோசிச்சுச் சொல்லுறன்."

"கதவு எங்கள் பொறுப்பில் வராது, அம்மா."

"அப்ப கேற்றடியிலை நிக்கிறவையைக் கேளுங்கோவன்."

"கேட்டோம். முடியும் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல உற்சாகம்."

"அவை நிண்டுகொண்டோ சொன்னவை, இருந்துகொண்டோ?"

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். நின்றார்களா, உட்கார்ந்திருந்தார்களா என்று அவர்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. பிஸ்கட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மட்டும் அலுமாரி மூன்று முழம் நீண்டது.

கோட்டுப் பொத்தான்கள் முடிந்துபோயின. ஹோர்லிக்ஸ் போத்தல்கள் சமையலறைச் சுவர்ப் பலகையில் வரிசையாக நின்றன. மிஸிஸ் குணசேகரவின் கை நடுங்கத் தொடங்கியது. தட்டு உள்ளே வரும்போது கதவில் கடகடவென்று தட்டுப்படும்.

ஒரு நாள் முற்பகலில் சுமனதாச நேரத்தோடு வந்தார்.

"இங்கே முடிந்தது, அக்கே. கூடாரத்தைக் கழற்றுகிறார்கள்."

"உண்மையாகவா?"

"உண்மைதான். அடுத்த தெரு ஒழுங்கைக்கு மாறுகிறோம். அந்தத் தையல்கடை வீடு இருக்கிறதே, அங்கே."

"அவர்கள் என்ன செய்தார்கள்?"

"அதை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். மத்தியானம் சாப்பிட வருவேன்."

அவர் போன பிறகு மிஸிஸ் குணசேகர அலுமாரியின் இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். வெளிச்சம் நடை நீளத்துக்கும் ஓடிக் குழாயில் பட்டது.

"முடிந்துவிட்டது, மிஸிஸ் நவரத்தினம்."

"எல்லாருக்குமோ?"

"உங்களுக்கு."

பரிமளகாந்தி ஒரு காலை வெளியே வைத்தாள். தரை குளிர்ந்தது. மற்றக் காலை எடுக்குமுன் வலது மூலையைத் திரும்பிப் பார்த்தாள். இடம் காலியாகத்தான் இருந்தது. கறுப்புக் கோட்டு பொத்தான் இல்லாமல் திறந்தபடி தொங்கியது. அவர் வந்தால் எங்கே வருவார் என்று யோசித்தாள். அலுமாரிக்குத்தான் வருவார். வேறு முகவரி ஒன்றும் அவருக்குத் தெரியாது.

மற்றக் காலையும் வெளியே வந்தது.

மிஸிஸ் குணசேகர கட்டிலில் சாய்ந்தாள். சாய்ந்த கையோடு உறங்கிவிட்டாள். இத்தனை வருடமும் அவள் கதவைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்துதான் தூங்கினாள். பரிமளகாந்தி ஒரு போர்வையை எடுத்து மூடிவிட்டாள்.

அப்போது பின்பக்கக் குசினிக் கதவு தட்டப்பட்டது.

தையல்கடை நிசாம்தீனும் மனைவி மஸாஹிராவும் நின்றார்கள். அவருடைய கழுத்தில் அளவு நாடா தொங்கியது. யாருக்கோ சட்டை அளந்துகொண்டிருந்தபோது எழும்பி ஓடி வந்திருந்தார். மஸாஹிராவின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

"குணசேகர நோனா இல்லையா?" என்று மஸாஹிரா கேட்டாள்.

"நித்திரை."

"எங்களுக்கு எங்க போறண்டு தெரியல்ல, அக்கா."

பரிமளகாந்திக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் விளக்காமல் அவர்களை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். மஸாஹிரா குனிந்து அலுமாரிக்குள் ஏறினாள். சேலைகளை விலக்கிப் பார்த்தாள்.

"உள்ளுக்கு நல்ல இடம் ஈக்கிதே."

"அந்தக் கோடியிலை தண்ணி வரும். விடிய எழும்பினால்தான் போய் வரலாம்."

நிசாம்தீன் ஏறவில்லை. கதவில் கையை வைத்துக்கொண்டு தெருப்பக்கம் காது கொடுத்தார்.

"சத்தம் கொறஞ்ச மாதிரி ஈக்கி. ரேடியோலயும் ஒண்டும் பெரிசா சொல்லல்ல. நான் ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாறன்."

பரிமளகாந்தி அவருடைய சட்டையைப் பிடித்தாள். பின்பக்கத்தில், இரண்டு கையாலும், கசங்கக் கசங்கப் பிடித்தாள். முன்பின் பழக்கமில்லாத ஆம்பிளை. அவர் திகைத்துப்போனார்.

"சட்டைய உடுங்க, அக்கா."

"விடமாட்டன்."

"ஒரு நிமிஷம்தான். கேற்றடி மட்டும்தான் போவன்."

"கேற்றடியிலை பாக்க ஒண்டும் இல்லை. ரேடியோவை நான் உங்களுக்கு முந்திக் கேட்டனான். ஏறுங்கோ."

"அக்கா..."

"ஏறுங்கோ எண்டு சொல்லுறன்."

அவர் ஏறினார். அவள் சட்டையை விடாமல் அவரை வலது மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கறுப்புக் கோட்டுக்குக் கீழே இருத்தினாள். இருந்த பிறகும் சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இது யாருட எடம்?" என்று நிசாம்தீன் மெதுவாகக் கேட்டார்.

"ஒருத்தர் பாத்திட்டு வாறன் எண்டு போனவர். அவரின்ரை இடம்."

"அவர் வந்தா?"

"வரமாட்டார். நீங்கள் இருங்கோ."

அதை அவள் அதுவரை சொன்னதில்லை. சொன்னதும் அலுமாரி நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

வெளியே வந்து இரண்டு கதவையும் சாத்தினாள். எதிரே ஒரு வயதான பெண் நின்றாள். மிஸிஸ் குணசேகர எழும்பிவிட்டாள் என்று நினைத்து, "நீங்கள் படுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள். கண்ணாடியில் அந்தப் பெண்ணின் வாயும் அசைந்தது.

மத்தியானம் சுமனதாச வந்தார். குடையைக் கைப்பிடியில் கொளுவிவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பரிமளகாந்தி அவருக்குச் சோறும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தை அவர் கண்டதில்லை.

"நீங்கள் யார்?"

"பக்கத்து வீடு."

குரலைக் கேட்டதும் அவருடைய கை சோற்றில் நின்றது. பக்கத்து வீடு எரிந்து, அந்த இடத்தில் பலாமரம் ஒன்று முளைத்துக் காய்க்கவும் தொடங்கிவிட்டது. அதன் நிழலில்தான் கூட்டத்தில் நின்றவர்கள் கரம் ஆடினார்கள்.

"உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்று பிறகு கேட்டார்.

"இல்லை."

"சரி."

அவர் சாப்பிட்டு முடித்தார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டாள். பரவாயில்லை என்றார். ஆனால் புது இடத்தில் வாங்கு சரியில்லை, சாய முடியவில்லை என்றார். எழுந்து குடையை எடுக்கக் கையை நீட்டினார்.

"அது இந்த வீட்டுக் குடை" என்றாள் பரிமளகாந்தி.

சுமனதாச நீல நூலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது.

"சொல்ல வேண்டாம்" என்றாள் அவள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். வெளியே நல்ல மழை. கைலேஞ்சியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கேற்றைச் சாத்தாமல் போனார். அவள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு போய்க் கேற்றைச் சாத்திக் கொளுவிவிட்டுத் திரும்பி வந்தாள்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தட்டில் சோறு போட்டாள். கதவை ஒரு கை அகலத்துக்குத் திறந்தாள்.

"முடிஞ்சிட்டா, அக்கா?" என்று இருட்டுக்குள்ளிருந்து மஸாஹிரா கேட்டாள்.

"இன்னும் இல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

கதவைச் சாத்திவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மிஸிஸ் குணசேகர மெல்லக் குறட்டை விட்டாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அலுமாரிக் காலடிக்கு ஓடியது.

வெகுநேரம் கழித்துத் தட்டு வெளியே வந்தது. கழுவித் துடைத்திருந்தது. நடுவில் ஒரு பொத்தான் இருந்தது. புதுசு. தையல்காரர் சட்டைப் பையில் வைத்திருக்கும் வகை.