எண்பத்தாறு கிலோ

பழைய இரும்பு வாங்கும் யார்டின் வாசலில் இருக்கிற எடை மேடையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஏறி நிற்கும், என் முன்னால் பெட்டியில் எண் விழும், அதை மைக்கில் சத்தமாகச் சொல்லிச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். உட்கார்ந்த இடத்திலேயே வேலை, உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாடு. வருஷத்துக்கு ஒரு சுற்று பெருத்துக்கொண்டே வந்தேன். டிரைவர்கள் எனக்கு ‘ஃபுல் லோடு’ என்று பேர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தது. அந்தக் கோபத்துக்கும் சேர்த்து இரண்டு பன் தின்றேன்.

நூற்று நாலு கிலோவில் வந்து நின்றபோது எனக்கு நாற்பத்தாறு வயது. அப்படியே இருந்து அப்படியே போய்ச் சேர்ந்திருப்பேன். என் தங்கச்சிக்கு இரண்டு கிட்னியும் போகாமல் இருந்திருந்தால்.

அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை, பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கையில் ஊசி போடுகிற நரம்பு இரண்டு தடவை அடைத்துப்போய், கழுத்து வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். அந்தக் குழாயில் கிருமி வந்து வந்து காய்ச்சலில் விழுந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ரத்தம் சேரவில்லை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. மீதி இருந்தது நான்தான். என் ரத்தம் அப்படியே பொருந்தியது.

“உங்க கிட்னி ரெண்டும் அருமையா இருக்கு. உடம்புதான் குறுக்க நிக்குது” என்றார் டாக்டரம்மா. “இவ்வளவு எடையோட கத்தி வைக்க எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. எண்பத்தாறு கிலோவுக்கு வாங்க. நாலு மாசம் டைம். அதுக்கு மேல உங்க தங்கச்சி தாங்கறது கஷ்டம்.”

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். முன்னும் பின்னும் எழுத்து. என்ன சாப்பிடலாம், என்ன கூடாது, எந்த மாத்திரையைத் தொடக்கூடாது, தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும். நான் ஒரே ஒரு வரியைத்தான் படித்தேன். எண்பத்தாறு. என் தொழிலில் அந்த ஒரு வரிக்குத்தான் மரியாதை. லாரிக்குள் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று நான் கேட்பதில்லை. எண் என்ன, அவ்வளவுதான்.

மறுநாளே ஆரம்பித்தேன். காலையில் யார்டின் மதிலை ஒட்டி எட்டுச் சுற்று நடை, சாயங்காலம் எட்டுச் சுற்று. சோற்றை என் மனைவி சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டாள். “ஊர்ல இருக்கற லாரியை எல்லாம் நீங்க நிறுத்தீங்க, கடைசியில உங்க சோத்தை நான் நிறுக்க வேண்டியதாப் போச்சு” என்று சிரித்தாள். முதல் வாரம் நானும் சிரித்தேன். இரண்டாவது வாரம் அவள் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தாறு வயது ஆம்பளை, உருளைக்கிழங்குக்கு அழுகிறான். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

பசி என்றால் வயிற்றில் இருப்பது என்று நினைத்திருந்தேன். அது எல்லா இடத்திலும் இருந்தது. சீட்டு அடிக்கும்போது விரலில் இருந்தது. டிரைவர் யாராவது வெங்காயம் போட்டு முட்டை பொரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவனை அடிக்க வேண்டும் போல இருக்கும். ஒருத்தனை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அவன் பாவம், கையில் பாதி பன்னோடு முழித்தான்.

லாரி நிறுக்கும் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஐந்து கிலோ கூடக் குறைய இருந்தால் அதற்குத் தெரியாது. முதல் நாள் அதில் ஏறி நின்றேன், நூறு. முதல் மாதம் முழுக்க வாயைக் கட்டியும் நூறு. ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஏறினேன், தொண்ணூறு என்று விழுந்தது. அன்று வரிசையில் நின்றிருந்த டிரைவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். “ஃபுல் லோடு இறங்குதுடோய்” என்று ஒருத்தன் கத்தினான். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சின்ன வயதிலிருந்து என் உடம்பைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

ஐந்து கிலோ குறையும்போதெல்லாம் தங்கச்சியிடம் போய் பேன்ட்டை இடுப்பில் பிடித்து வாங்கிக்கொள்வேன். அவள் தையலைப் பிரித்து, துணியை உள்ளே மடித்து, குண்டூசி குத்திப் பார்ப்பாள். கழுத்துக் குழாய் மேல் ஒரு துணி சுற்றியிருக்கும். மெஷினை மிதிக்கும்போதே மூச்சு வாங்கும்.

“இன்னும் எவ்வளவுண்ணா?”

“எட்டு.”

“போதும், ரொம்பப் பட்டினி கிடக்காத. முகமே வாடிப்போச்சு.”

“நீ உன் வேலையைப் பாரு.”

“உனக்குத் தைக்கறதே எனக்கு வேலையாப் போச்சு. இதுக்கு மேல மடிச்சா பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணா ஆயிடும்” என்றாள். பாப்பா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தது.

மூன்றாவது மாதம் முட்டி போய்விட்டது. இத்தனை வருஷம் உட்கார்ந்தே இருந்த காலைத் திடீரென்று தினமும் பதினாறு சுற்று நடக்கச் சொன்னால் அது சும்மா இருக்குமா. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வலி இருக்கிற இடம் தெரியாமல் போனது, இன்னும் நான்கு சுற்று கூட்டினேன். மனைவிக்குச் சொல்லவில்லை. சொன்னால் நடக்க விடமாட்டாள்.

மருந்துக்கடை வாசலில் இருக்கிற முள் மெஷினில் எண்பத்தொன்பதில் வந்து எடை நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். சோற்றைப் பாதியாக்கினேன், பிறகு விட்டேவிட்டேன். வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும் தின்று நாள் முழுக்க இருந்தேன். முள் அசையவில்லை. இன்னும் ஆறு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த வாரம் தங்கச்சிக்கு மறுபடியும் காய்ச்சல். நாலு நாள் ஐ.சி.யு.வில் கிடந்துவிட்டு வந்தாள். குழாயைக் கழுத்தின் இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் போட்டிருந்தார்கள். “இதுவும் போச்சுன்னா வேற இடம் இல்லையாம்” என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போனார். மூன்று கிலோ. எனக்கும் அவள் உயிருக்கும் நடுவில் மூன்று கிலோ நிற்கிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அப்போதுதான் என் தொழில் புத்தி வேலை செய்தது.

எங்கள் மேடையில் லாரியை இரண்டு தடவை நிறுப்போம். சரக்கோடு ஒரு தடவை, இறக்கிவிட்டுக் காலியாக ஒரு தடவை. கழித்தால் வருவது சரக்கின் எடை. சில டிரைவர்கள் கேபினுக்குள் ஒரு பேரல் தண்ணீர் வைத்திருப்பார்கள். சரக்கோடு வரும்போது பேரல் தளும்பும், காலியாகத் திரும்பும்போது அதையும் காலி செய்திருப்பார்கள். தண்ணீரும் இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். தண்ணீரை இறக்கினால் எடை இறங்கும். இது எனக்குத் தெரிந்த அளவுக்கு எந்த டாக்டருக்குத் தெரியும்.

போவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வாயைக் கொப்பளித்துத் துப்பினேன். தகரக் கூரை போட்ட அறையில், வெயிலில், இரண்டு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேர்க்க விட்டேன். பேதி மாத்திரை போட்டேன். முட்டிக்கு வழக்கமான மாத்திரையும் போட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தங்கச்சிக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் கணக்கு, அதற்கு மேல் குடித்தால் உடம்பு வீங்கிவிடும். அவள் இரண்டு வருஷமாக எப்படி இருந்தாள் என்பது அந்த இரண்டு நாளில்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் வீம்பு வந்தது. அவளால் முடிகிறது, என்னால் முடியாதா.

ஆஸ்பத்திரியில் எடை எந்திரத்தில் ஏறினேன். எண்பத்தைந்து புள்ளி ஏழு. நர்ஸ் கை தட்டினாள், பக்கத்து அறையிலிருந்தும் இரண்டு பேர் எட்டிப் பார்த்துத் தட்டினார்கள். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ரத்தம் எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். சிறுநீர் கேட்டார்கள், அரை மணி நேரம் முயன்றும் கொஞ்சம்தான் வந்தது, அதுவும் டீ நிறத்தில். வராண்டாவில் உட்கார்ந்து தங்கச்சிக்குப் போன் செய்து எண்ணை மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் பாப்பாவைக் கூப்பிட்டு, “மாமா ஜெயிச்சுட்டாரு” என்று சொல்வது கேட்டது.

ரிசல்ட் வந்ததும் என்னை வீட்டுக்கு விடவில்லை. படுக்க வைத்து இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர்.

“என்ன மாத்திரை போட்டீங்க?”

“ஒண்ணும் இல்லையே.”

“ரத்தத்துலயே தெரியுது சார். மறைக்காம சொல்லுங்க.”

“முட்டி வலிக்கு. ஆறு வாரமா.”

“தண்ணி?”

“ரெண்டு நாளா குடிக்கல.”

“எதுக்கு?”

“மூணு கிலோ கூட இருந்துச்சு.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “எண்பத்தாறுன்னு நான் ஒரு குத்துமதிப்பாத்தான் சொன்னேன். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதுல வந்து நின்னிருந்தா திருப்பியா அனுப்பியிருப்பேன்? ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே.”

கேட்டிருக்கலாம். எண் என்றால் எண் என்று பத்தொன்பது வருஷம் வாழ்ந்தவனுக்கு, அதைச் சொன்ன மனுஷியிடம் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்பது புத்திக்கு எட்டவில்லை. மேடையின் வரம்புக்குப் பத்துக் கிலோ கூடுதல் என்று எத்தனை லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருத்தன் கெஞ்சியபோதுகூட, “மெஷின் சொல்றதுதான், நான் என்னப்பா பண்ண” என்றவன் நான்.

“வலி மாத்திரையும் தண்ணி இல்லாததும் சேர்ந்து உங்க ரெண்டு கிட்னிக்கும் நல்ல அடி” என்றார். “உங்களுக்கு உயிருக்கு ஒண்ணும் ஆகாது. பாதி சரியாகும், முழுசா ஆகுமான்னு சொல்ல முடியாது. ஆனா உங்ககிட்டேயிருந்து ஒண்ணை எடுத்து அவங்களுக்கு வைக்கறது இனி நடக்காது. இப்பவும் இல்ல, அப்புறமும் இல்ல.”

அவர் எழுந்தார். இந்தத் தடவை நான் கேட்டேன். “தங்கச்சிக்கு எவ்வளவு நாள் இருக்கு?”

சொன்னார். எப்படியாவது வேறு யாருடைய கிட்னியாவது கிடைத்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பெரிய வாட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து, நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். அதை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா பள்ளிக்கூடத்தில். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, தண்ணீர், வெயில், இரண்டு சட்டை, டாக்டரம்மா சொன்ன குத்துமதிப்பு. ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்தாள்.

“உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஆகாதாம்.”

“நல்லாக் கேட்டுக்கிட்டியா?”

“கேட்டுக்கிட்டேன்.”

“எனக்கு எவ்வளவு நாள்னு கேட்டியா?”

தலையை ஆட்டினேன்.

“சொல்லுண்ணா.”

ஆயிரக்கணக்கான லாரிக்கு எண் சொன்ன வாய். சொல்ல முடியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஆறு மாசம்” என்றேன். “அதுவே அதிகம்னாங்க.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். உதடு அசைந்தது, ஒவ்வொரு மாதத்தின் பேரையும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆறாவது விரலில் நின்றாள். அப்புறம் மெதுவாக ஏழாவதையும் தொட்டாள்.

“பாப்பா பொறந்தநாள் அதுக்கு அடுத்த மாசம் வருது” என்றாள். “இந்த வருஷம் கொஞ்சம் முன்னாடியே வெச்சுக்கலாம். உனக்கு லீவு இருக்கற மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமையாப் பார்த்துச் சொல்லு.”