செம்மண் ஒட்டிய பானை ஓடுகள்

தொல்லியல் படிப்பின் கடைசி ஆண்டில், சொந்த ஊரிலேயே ஓரிடத்தைத் தேர்ந்து தோண்டச் சொன்னார்கள். ஃபிஜியில் எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டைத்தான் நான் நினைத்திருந்தேன். என் படிப்பைக் கேலி செய்தே பழகிய செவுலோனி மாமா, அது காதில் விழுந்த மறுநாளே தேடி வந்தார்.

"மேட்டுல என்னடி இருக்கு வசித்தி? கடற்கரைக்குப் போ. பானை ஓடு கொட்டிக் கிடக்கு."

போனேன். ஏழு ஓடுகள், பழைய கோலம் போட்டவை, மணலின் மேலேயே கிடந்தன. உடைந்த விளிம்புகளில் செம்மண் ஒட்டியிருந்தது. எங்கள் கடற்கரை மணலோ வெள்ளை. செம்மண் மேட்டில்தான் உண்டு. மாமா மேட்டைத் தோண்டிக் கிடைப்பதை யாருக்கோ விற்கிறார், அதை மறைக்கத்தான் என்னை இங்கே அனுப்பினார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

மரவள்ளிக் கொல்லையில் அவரைப் பிடித்தேன். "இதெல்லாம் நீங்க கொண்டாந்து போட்டதுதானே? மீதியை யாருக்கு வித்தீங்க?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. "விக்கிறதா? மழையில மேல வந்ததைப் பொறுக்கினேன். அந்தக் காலத்துல அம்மையில செத்த நம்ம சனத்தை அங்கதான் புதைச்சிருக்கு. உன் மண்வெட்டி அவங்க மேல படக் கூடாது."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எழுதிப்புடுவே. அதைப் படிச்சுட்டு இன்னொருத்தன் வருவான்."

மேட்டைத் தோண்டும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஓடுகளை இருவருமாக மேட்டிலேயே புதைத்தோம். ஆற்று முகத்துவாரத்தில் மீன் பிடிக்கக் கல் அடுக்கிக் கட்டிய பழைய வேலியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன்.

மாமா தினமும் அங்கே வந்து, நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.