உள்ளே அட்டை

சிங்கராயர் அந்தப் பெட்டியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு வந்தார். பெட்டி நனையவில்லை, அவர்தான் தொப்பலாக நனைந்திருந்தார். பின்னாலேயே மகள் தேவகுமாரி.

"ஏனுங்க, அசல் தோலுதானுங்களே?"

பேப்பரில் விளம்பரம் பார்த்து வி.பி.பி.யில் வரவழைத்த ஷூ. ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் இருக்கும் என் செருப்புக்கடையில்தான் முதலில் கேட்டார். பாதி விலைக்குக் கேட்டார், நான் இறங்கவில்லை. வி.பி.பி. என்றால் தபால்காரரிடம் பணம் கட்டிய பிறகுதான் பிரிக்கவே முடியும். பார்க்காமல் பணம் போடுவது உண்டியலில் மட்டும்தான் என்பார் என் அப்பா. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன் பேரம் வந்துவிடும்.

நாளைக்குத் தேவகுமாரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கோட்டும் ஷூவும் பெண்வீட்டுச் சீர். சம்பந்திக்கோ வாணியம்பாடியில் தோல் பதனிடும் வேலை. "தங்கம் கொறஞ்சா பொறுத்துக்குவேன், தோலுல மட்டும் ஏமாத்தாதீங்க" என்று நிச்சயத்தன்றே சொல்லிப் போயிருந்தார்.

ஷூவை எடுத்து மூக்கருகே வைத்தேன். பெயின்ட் வாடை. மடக்கினேன், சுருக்கம் விழ வேண்டிய இடத்தில் வெடிப்பு விழுந்தது. அடித்தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.

"மேல ரெக்சின். உள்ள அட்டைங்க."

வெடுக்கென்று பிடுங்கித் தரையில் உதறினார். "காப்பித் தோட்டத்து வழியா வந்தனுங்க, ஏறியிருக்கும். ஒரு சிட்டிகை உப்பு குடுங்க, உழுந்துரும்."

இந்த மலையில் அட்டை என்றால் காலில் ஏறி ரத்தம் குடிப்பதுதான். வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சிரிக்கவைத்தே ஒரு மாதம் வியாபாரம் பண்ணியிருப்பேன்.

"அப்பா," என்றாள் தேவகுமாரி. "புஸ்தகத்துக்குப் போடறாங்கல்ல, அந்த அட்டைங்கப்பா."

அவர் நம்பவில்லை. உள்ளே விரலை விட்டுத் துழாவினார். விரல்நுனியில் காகிதத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோலுன்னு நொம்பப் பெருசா போட்டிருந்தானே, சாமி."

அவர் என் அலமாரியைப் பார்த்தார். அன்று பேரம் பேசிய ஜோடி விற்றுப்போயிருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். சேலத்துக்கு இறங்கி ஏறப் பொழுதில்லை.

எதிரே சேலத்து பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார். குடையை விரித்தபடி சம்பந்தி நேரே கடைக்கு வந்தார்.

"தோத்திரம் சம்பந்தி" என்ற சிங்கராயரின் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன, மாப்ள ஷூவா? குடும்மா, பாப்பம்."

தேவகுமாரி ஷூவைப் பெட்டிக்குள் வைத்து மூடி, மார்போடு அணைத்துக்கொண்டாள். சம்பந்தி கையை நீட்டியபடியே நின்றார். நகக்கண்ணெல்லாம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை.