இன்னொரு குத்து

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் அவள்தான் மூத்தவள். கூடப் படித்த பெண்கள் முதலில் அக்கா என்றார்கள்; கொஞ்ச நாளில் ‘ஒரே குத்து அக்கா’ என்றார்கள். பட்டையைக் கையில் கட்டுவாள், விரலால் தடவி நரம்பைப் பிடிப்பாள், ஒரே குத்து, டியூபில் ரத்தம் ஏறிவிடும். மற்றவர்கள் துழாவித் துழாவி, “சாரி சார், அந்தக் கையைக் காட்டுங்க” என்று அசடு வழிவதற்குள் இவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பாள். பெயர் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் அவள் கதவைத் தட்டினாலே புருஷன், “ஒரே குத்து வந்தாச்சு, எல்லாரும் கையை ஒளிச்சு வச்சுக்குங்க” என்பான். மகள் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தாள். கல்யாணமானதிலிருந்து இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே இருந்தவளுக்குத் தன் கைத்திறமையால் ஒரு பெயர் கிடைத்தால் தலைகால் புரியுமா?

அன்றைக்குக் காலையில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தவர் ஒரு பஸ் டிரைவர். முழங்கால் ஆபரேஷனுக்கு முந்தி எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனை. மனைவியும் கூட வந்திருந்தாள்.

“அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டறேம்மா. ஊசியைப் பாத்தா மட்டும் என் காலு தானா பிரேக்கைத் தேடுது” என்றார் டிரைவர்.

“வளவளன்னு பேசாம கையை நீட்டுங்க. இந்தம்மா ஒரே குத்துல எடுத்துடுவாங்களாம். வெளியில அந்தப் பொண்ணுங்க சொன்னாங்க” என்றாள் மனைவி.

கேட்டதும் இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பம். மஞ்சள் மூடி டியூபை முதலில் நிரப்பவேண்டும், ஊதா மூடி அதற்கப்புறம். பயிற்சியில் அரிச்சுவடிப் பாடம் அது. பேச்சு சுவாரசியத்தில் கை ஊதாவை எடுத்துவிட்டது. ஊதா நிரம்பியது. மஞ்சளை மாட்டினாள், நாலு சொட்டு விழுந்தது, நின்றுவிட்டது. ஊசியைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பார்த்தாள், பின்னே இழுத்துப் பார்த்தாள். ஊஹூம்.

“முடிஞ்சுதாம்மா?” கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு டிரைவர் கேட்டார்.

இன்னொரு குத்து குத்தணுங்க என்று சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே! நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கதவோரம் கூடப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“முடிஞ்சுதுங்க” என்றாள்.

திரைக்குப் பின்னால் போய் ஊதாவைத் திறந்து, பாதி ரத்தத்தை மஞ்சளில் ஊற்றி மூடினாள். ரத்தம் ரத்தம்தானே, ஒரே ஆளுடையதுதானே என்று நினைத்துக்கொண்டாள். அடிப்பாவி! ரத்தம் உறையாமல் இருக்க ஊதா டியூபுக்குள் ஒரு மருந்து இருக்கிறது, அதில் பொட்டாசியம் இருக்கிறது, அது கலந்தால் மஞ்சளில் வருகிற கணக்கெல்லாம் பொய். போன தேர்வில் இதே கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் இவள்தான்.

மத்தியானம் லேபில் டியூப்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது லேப் மேடம் போனில் பேசுவது காதில் விழுந்தது. “ஆமா டாக்டர், பொட்டாசியம் எக்கச்சக்கமா இருக்கு. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன், அதேதான் வருது.” போனை வைத்துவிட்டு மேடம் நெற்றியைத் தேய்த்தாள். “பாவம், முழங்காலுக்கு வந்த மனுஷன். எந்த நேரமும் இதயம் நின்னுடலாமாம். ஈசிஜி நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் காத்திருக்க முடியாது, உடனே மருந்து ஏத்தறேங்கறார் டாக்டர்.”

அவளுக்குத் தெரியும்: அந்த மருந்து பொட்டாசியத்தை இறக்கும். ஏறாததை இறக்கினால் நன்றாக ஓடுகிற இதயம் என்னாகும்? துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். கையைக் கழுவினாள். வராந்தாவின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். சேர்ந்த அன்றைக்கே மேடம் கறாராகச் சொல்லியிருந்தாள்: “தப்புப் பண்ணா சொல்லுங்க, திருத்திக்கலாம். மறைச்சீங்கன்னா அன்னிக்கே பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்.” இப்போது மறைத்தும் ஆயிற்று, இனிமேல் சொல்லவும் வேண்டும். உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள்.

“என்னம்மா, நாற்காலியில முள்ளா இருக்கு?” என்றாள் மேடம்.

“மேடம்... அந்த டிரைவரோட ரத்தம்... ஒருவேளை அணுக்கள் உடைஞ்சு போய், அதனால அப்படிக் காட்டுதோ?”

பார்த்தீர்களா, அப்போதும் முழுசாக வாய் வரவில்லை!

“உடையல. நான் பாத்தேனே.”

“நான்தான் மேடம்!” அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டது. “மஞ்சள்ல ரத்தம் பத்தல. ஊதாவுலேருந்து ஊத்திட்டேன். மருந்தை நிறுத்தச் சொல்லுங்க மேடம், அவருக்கு ஒண்ணுமே இல்ல!”

மேடம் திட்டவில்லை. நேரமில்லை. போனை எடுத்து, “ஊசி போட்டாச்சா? இன்னும் இல்லையா? போடாதீங்க, சாம்பிள் தப்பு” என்றாள். வைத்த பிறகுதான் இவள் பக்கம் திரும்பினாள். “புது ரத்தம் எடுக்கணும். நானும் வரேன். ஏன் எடுக்கறோம்னு அந்த ஆள்கிட்ட நீயே உன் வாயால சொல்லு.”

அவசரப் பிரிவில் டிரைவரின் நெஞ்சு முழுக்க வயர்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனைவி ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் மருந்து ஏற்றிய சிரிஞ்ச் தயாராகக் கிடந்தது. அதைப் பார்த்தபடியே இவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மனைவி எழுந்தே விட்டாள். “மனுஷியா நீ? பொண்ணுங்களுக்குப் போன் போட்டு, அப்பாவைக் கடைசியா வந்து பாத்துக்குங்கன்னு சொல்லிட்டேனே!”

டிரைவர் மனைவியைக் கையமர்த்தினார். இவள் பக்கம் திரும்பினார்.

“காலையில கேட்டிருக்கலாமேம்மா. இன்னொரு குத்துன்னா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? பயந்தவன்தான், ஆனா மாட்டேன்னு சொல்லமாட்டேனே.”

அவளுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மேடம் பட்டையை எடுத்தாள். “வேண்டாம், அவங்களே எடுக்கட்டும்” என்று டிரைவர் இன்னொரு கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டினாள். தடவினாள். குத்தினாள். வரவில்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாகக் குத்து தவறியது, அதுவும் இத்தனை பேர் முன்னால். ஊசியை வெளியே எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

“மன்னிச்சுக்குங்க. வரல. இன்னொரு தடவை குத்தணுங்க” என்றாள்.

“குத்தும்மா” என்றார் டிரைவர்.

வந்தது. முதலில் மஞ்சள், பிறகு ஊதா. லேபில் மேடமே அதை ஓட்டினாள். பொட்டாசியம் எல்லாருக்கும் இருப்பது போலவே இருந்தது. “திங்கள்கிழமையிலேருந்து திரும்ப ரப்பர் கையில குத்திப் பழகு” என்றாள் மேடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் சொல்ற வரைக்கும் மனுஷக் கையைத் தொடக்கூடாது. கடைசியிலயாவது சொன்னியே, அதனாலதான் பையைத் தூக்கச் சொல்லல.” அவள் தலையை ஆட்டினாள். போகச் சொல்லாததே பெரிது என்றிருந்தது.

வீட்டுக் கதவை மகள்தான் திறந்தாள். “ஒரே குத்து வந்தாச்சுப்பா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

“இல்லடி” என்றாள் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே. “இன்னிக்கு ஒருத்தருக்கு மூணு.”